சுமாக், எல்டர்பெரி, ஆட்டம் ஆலிவ்: காட்டுப் புதர்ல பழம் பறிச்சு ஜூஸ் போட எதுல ஆரம்பிக்கலாம்?

ஆகஸ்ட் கடைசில அமெரிக்காவோட வடகிழக்குப் பக்கமோ கனடால ஒன்டாரியோ பக்கமோ இருக்கிறவங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க, ரோட்டோரச் சரிவுல, வயக்காட்டு ஓரத்துல, காடு முடிஞ்சு வெட்டவெளி ஆரம்பிக்கிற இடத்துல ஒரு புதர் கூட்டம் கூட்டமா நிக்கும், இலை ஈர்க்குக்கு ரெண்டு பக்கமும் வரிசையா இருக்கும், கிளை நுனில கருஞ்சிவப்பா ஒரு கொத்து வானத்தைப் பாத்து நிமிர்ந்து நிக்கும். அதுதான் சுமாக். நான் ஏழெட்டு வருஷம் அதை வெறும் அழகுச் செடின்னே நெனச்சு தாண்டிப் போயிருக்கேன். அந்தக் கொத்தைத் தண்ணில ஊறப்போட்டா எலுமிச்சை ஜூஸ் மாதிரியே சுள்ளுனு ஒரு பானம் கிடைக்கும்னு தெரிஞ்சதுல இருந்து ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் எப்படா வரும்னு காத்துட்டு இருக்கேன்.

இதைப் பத்தி பேசினாலே நண்பர்கள் கேக்கிற கேள்வி ஒண்ணுதான், "எங்களுக்கும் இப்படி வெளில போய் பறிச்சு ஏதாவது செய்யணும்னு ஆசையா இருக்கு, ஆனா பயமாவும் இருக்கு, எதுல ஆரம்பிக்கிறது?" இந்தப் பக்கம் அதே சீசன்ல, சில சமயம் ஒரே வேலியோரத்துலயே கிடைக்கிற புதர் பழம் மூணு இருக்கு, சுமாக், எல்டர்பெரி, ஆட்டம் ஆலிவ் (autumn olive). மூணுலயும் ஜூஸ் போடலாம், மூணும் நான் போட்டிருக்கேன். முதல் தடவை போறவங்களுக்கு நான் சுமாக்தான் சொல்லுவேன், அதுலயும் பச்சைத்தண்ணில ஊறப்போட்ட சுமாக். ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா காரணம் புரிஞ்சுட்டா எப்பப் பறிக்கணும், கழுவணுமா, கொதிக்க வைக்கணுமா எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

ஒரு கொத்துல இருந்து ஒரே ஒரு பழத்தைக் கிள்ளி உள்ளங்கைல வெச்சுப் பாருங்க. மிளகை விடச் சின்னதா இருக்கும். மேல வெல்வெட்டு மாதிரி சிவப்பா குட்டிக் குட்டி மயிர். நகத்தால அமுக்கினா சாறே வராது, சதைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, உள்ள கெட்டியா ஒரு விதை மட்டும்தான். அப்ப புளிப்பு எங்க இருக்கு? அந்த மயிர்லதான் இருக்கு. ஆப்பிளுக்குப் புளிப்பு குடுக்கிற அதே மாலிக் ஆசிட்தான் இதுலயும் முக்கியமான புளிப்பு, அது பழத்துக்கு மேல, வெளியவே உக்காந்திருக்கு. கொத்தைத் தொட்டுட்டு விரலை நக்கினாலே கண்ணைச் சுருக்கிக்கிற அளவுக்குப் புளிக்கும். மத்த ரெண்டு பழத்துலயும் சாறு உள்ள இருக்கு, அதைப் பிழியணும், இல்ல வேக வைக்கணும். இதுல மேல இருக்கிறதைத் தண்ணில கழுவி எடுத்தாப் போதும். பாக்க சின்ன வித்தியாசமாத் தெரியும், ஆனா மொத்த வேலையும் இதுலதான் மாறுது.

எல்டர்பெரியை எடுத்துக்குவோம். நிறத்துக்கும் மணத்துக்கும் பாத்தா மூணுல இதுதான் ராஜா, அதை நான் மறுக்க மாட்டேன், கருநீலமா, கெட்டியா, ஒயின் மாதிரி ஒரு சாறு வரும். ஆனா பச்சையாக் குடிக்கக்கூடாது. இலை, தண்டு, பச்சைக் காய், விதை இதுலெல்லாம் சயனைடை வெளியிடுற பொருள் இருக்கு, பழுத்த பழத்தையே பச்சையா நெறைய சாப்பிட்டா குமட்டலும் வாந்தியும் வரும். 1983 ஆகஸ்ட்ல கலிபோர்னியாவுல மான்டரே கவுண்டில ஒரு கூட்டமா தங்கியிருந்தவங்க எல்டர்பெரியை இலை, கிளையோட சேத்தே நசுக்கி ஜூஸ் எடுத்துக் குடிச்சாங்க, அதுல எட்டு பேரை ஹெலிகாப்டர்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதாயிடுச்சு. செடியைக் குத்தம் சொல்றதுல அர்த்தமில்ல, செஞ்ச முறைதான் தப்பு. காம்பை எல்லாம் சுத்தமா நீக்கிட்டு, பழத்தை மட்டும் நல்லா வேக வெச்சு எடுத்தா ஒண்ணும் பண்ணாது. அந்தக் காம்பு நீக்கிற வேலை இருக்கே, ஒவ்வொரு பழமும் கடுகு சைஸ்ல இருந்து மிளகு சைஸுக்குள்ள, நூல் மாதிரி காம்பு, ஒரு கூடைக்கு முழுசா ஒரு சாயங்காலம் போயிடும். கொத்தோட ஃப்ரீசர்ல வெச்சு உறைஞ்சதும் உதிர்த்தா கொஞ்சம் சுலபம்.

அது போக, ஆள் மாறாட்டம் வேற. போக்வீடுன்னு ஒரு செடி, அதுவும் கருப்பா மினுமினுன்னு பழம் விடும், அது விஷம். எல்டர்பெரி கொத்து குடை மாதிரி தட்டையா விரிஞ்சு இருக்கும், கட்டையான கிளை, இலை எதிரெதிரா ஜோடியா இருக்கும். போக்வீடு பழம் நீளமா சரம் மாதிரி தொங்கும், தண்டு கட்டையா இருக்காது, பளிச்சுனு பீட்ரூட் கலர்ல சதையா இருக்கும். ரெண்டு தடவை பாத்தா குழப்பம் வராதுதான். ஆனா முதல் தடவை தனியாப் போய் நிக்கிறவங்களுக்கு, எது சரியான செடி, எவ்வளவு வேகணும், காம்பு எவ்வளவு இருந்தாப் பரவால்லன்னு ஒரே நாள்ல மூணு கவலை வேண்டாம்னு நெனைக்கிறேன். எல்டர்பெரி ரெண்டாவது வருஷத்துக்கு. அதுவும் சிரப்பாக் காய்ச்சி வெச்சு குளிர்காலத்துல சுடுதண்ணில கலந்து குடிக்கத்தான் நல்லா இருக்கும், வெயில்ல வந்து கடகடன்னு குடிக்கிற ரகம் இல்ல.

ஆட்டம் ஆலிவ் வேற கதை. பேர்ல ஆலிவ் இருக்கே தவிர ஆலிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கிழக்கு ஆசியாவுல இருந்து வந்த புதர், மண் அரிப்பைத் தடுக்கவும் பறவைகளுக்குத் தீனியாவும் போன நூற்றாண்டுல அரசாங்கமே ஊக்கம் குடுத்து நெறைய நட வெச்சது, காத்துல இருக்கிற நைட்ரஜனை வேர்ல பிடிச்சு வெச்சுக்கும், அதனால ஒண்ணுத்துக்கும் ஆகாத மண்ணுலயும் செழிப்பா வளரும். அதுவே பிரச்சனையாப் போச்சு, இப்ப பல மாநிலங்கள்ல இது ஆக்கிரமிப்புச் செடி. அடையாளம் கண்டுபிடிக்கிறது சுலபம், இலையைத் திருப்பினா அடில வெள்ளி பூசின மாதிரி மின்னும், சிவப்புப் பழத்து மேலயும் வெள்ளிப் பொட்டு தூவின மாதிரி இருக்கும். எவ்வளவு பறிச்சாலும் யாருக்கும் நஷ்டமில்லங்கிறது இதோட பெரிய ப்ளஸ், செடியே இல்லாமப் போனா நல்லதுன்னு நெனைக்கிறவங்கதான் அதிகம்.

பழமும் சத்துதான், தக்காளியைச் சிவப்பாக்கிற லைக்கோபீன் இதுல தக்காளியை விடப் பல மடங்கு இருக்கு. ஆனா அந்த லைக்கோபீன் தண்ணில கரையாது. ஜூஸ் எடுத்து வெச்சா கொஞ்ச நேரத்துல சிவப்பு தனியா, தெளிஞ்ச தண்ணி தனியா பிரிஞ்சு நிக்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்கிக் குடிக்கணும். சீக்கிரம் பறிச்சா துவர்ப்பு நாக்கைப் பிடிச்சு இழுக்கும், செப்டம்பர் கடைசி அக்டோபர் வரைக்கும் பொறுத்திருந்து நல்லாக் கனிஞ்சு கையில உதிர்ற பழமாப் பாத்து எடுக்கணும். என்னைக் கேட்டா இது ஜாமுக்கும், பழக்கூழைத் தட்டையாக் காய வெச்சு செய்யிற ஃப்ரூட் லெதருக்கும் போக வேண்டிய பழம், பானத்துக்கு ரெண்டாம்பட்சம்தான். விதையை மட்டும் தோட்டத்துல, கம்போஸ்ட்ல போட்டுடாதீங்க, அடுத்த வருஷம் உங்க வீட்டுக் கொல்லையில முளைச்சு நிக்கும்.

சரி, சுமாக்னு முடிவு பண்ணியாச்சுன்னா அதுல எந்த சுமாக்? உங்க பக்கம் எது நிக்குதோ அதுதான். இருந்தாலும் வித்தியாசம் தெரிஞ்சு வெச்சுக்கணும். அதிகமாக் கண்ணுல படறது ஸ்டாக்ஹார்ன் சுமாக், இளங்கிளையைத் தொட்டா மான் கொம்புல புதுசா வளர்ற தோல் மாதிரி மெத்துனு மயிரா இருக்கும், பேரே அதுல வந்ததுதான். கொத்து நல்லா இறுக்கமா, பெருசா, கைக்கு அடக்கமா இருக்கும், ஒடிக்கிறதும் சுலபம். ஆண் செடி பெண் செடி தனித்தனி, ஒரு கூட்டமே ஒரே வேர்ல இருந்து கிளைச்சு வந்ததா இருக்கலாம்கிறதால சில கூட்டத்துல தேடினாலும் ஒரு சிவப்புக் கொத்து கூட இருக்காது, அது ஆண் கூட்டம், அடுத்த கூட்டத்துக்குப் போயிடுங்க. ஸ்மூத் சுமாக்ல கிளை வழவழன்னு இருக்கும், மேல லேசா சாம்பல் பூத்த மாதிரி, கொத்து கொஞ்சம் நெகிழ்வா இருக்கும், புளிப்பு என் நாக்குக்கு ஸ்டாக்ஹார்னை விட ஒரு படி கூடவே தெரியுது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடைச்சா நான் ஸ்மூத்தைத்தான் எடுப்பேன். மூணாவது விங்டு சுமாக், இலைக்கு இலை நடுவுல ஈர்க்கோட ரெண்டு பக்கமும் பச்சையா இறக்கை மாதிரி ஒரு பட்டை ஓடும், பழுக்க செப்டம்பர் அக்டோபர் ஆயிடும், கொத்து பழுத்ததும் தலை சாய்ஞ்சு தொங்கும். தெற்கு கலிபோர்னியா கடலோரம் இருக்கிறவங்களுக்கு லெமனேட் பெரின்னு இதே குடும்பத்துல இன்னொரு புதர் இருக்கு, பேர்லயே ஜூஸ் இருக்கு, அதுலயும் புளிப்பு பழத்து மேலதான் பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும். ஃப்ராக்ரன்ட் சுமாக்னு ஒண்ணும் உண்டு, மூணு மூணு இலையா, தொட்டா கொப்புளம் வர வைக்கிற பாய்சன் ஐவி செடி மாதிரியே இருக்கும், பழமும் ரொம்பக் கம்மி, அதனால புதுசா வர்றவங்களை அந்தப் பக்கமே நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்.

இப்ப எல்லாரும் பயப்படுற விஷயம், பாய்சன் சுமாக். அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கு, தொட்டாலே கொப்புளம் வரும், பாய்சன் ஐவில இருக்கிற அதே உருஷியால் எண்ணெய்தான் காரணம், எரிச்சா அந்தப் புகை நுரையீரலுக்குள்ள போனா இன்னும் மோசம். ஆனா அதையும் நம்ம சுமாக்கையும் குழப்பிக்கிறது கஷ்டம். பழத்தைப் பாருங்க. அதோட பழம் சிவப்பா இருக்காது, வெளிறின வெள்ளையா சாம்பலா இருக்கும், நுனில நிமிர்ந்து நிக்காது, இலைக் கக்கத்துல இருந்து தளர்வாத் தொங்கும். வளர்றது சதுப்பு நிலத்துல, கால் ஈரத்துல நிக்கிற இடத்துல. இலை ஓரத்துல பல் இருக்காது. கிளை நுனில நிமிர்ந்து நிக்கிற, மயிரடர்ந்த, இறுக்கமான சிவப்புக் கொத்தா, ஸ்டாக்ஹார்னோ ஸ்மூத்தோ இருந்தா மட்டும் பறிக்கிறதுன்னு முதல் வருஷம் வெச்சுக்கிட்டீங்கன்னா தப்பு நடக்க வழியே இல்ல. ட்ரீ ஆஃப் ஹெவன்னு ஒரு மரமும் தூரத்துல இருந்து சுமாக் மாதிரித் தெரியும், கிட்டப் போனா கொத்துல பழம் இருக்காது, காகிதம் மாதிரி இறக்கை வெச்ச விதைதான் இருக்கும், இலையைக் கசக்கினா ஊசிப்போன கடலை வாசம் அடிக்கும்.

இதை விட நான் பெருசாக் கவலைப்படுறது வேற ஒண்ணு. சுமாக், மாமரம், முந்திரி எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய் பறிக்கும்போது காம்புல இருந்து பால் பட்டு வாய் ஓரமெல்லாம் புண்ணாகுறவங்களை நம்ம எல்லார் வீட்லயும் பாத்திருப்போம், முந்திரி சாப்பிட்டா தொண்டை அடைக்கிறவங்களும் இருக்காங்க. அந்த மாதிரி அலர்ஜி இருக்கிறவங்க சுமாக் பக்கம் வராம இருக்கிறதுதான் நல்லது, டாக்டர்கிட்ட கேக்காமக் குடிக்காதீங்க. விருந்தாளிக்குக் குடுக்கும்போது நான் முதல்ல முந்திரி, மாம்பழம் ஒத்துக்குமான்னு கேட்டுட்டுத்தான் கிளாஸையே நீட்டுவேன். அப்படிப்பட்டவங்க வீட்டுக்கு வேக வெச்ச எல்டர்பெரியே மேல்.

அடுத்தது சுடுதண்ணியா பச்சைத்தண்ணியா. முதல் வருஷம் நான் கொத்தைப் பாத்திரத்துல போட்டு டீ போடற மாதிரி இருபது நிமிஷம் கொதிக்க விட்டேன். நிறம் அருமையா வந்துச்சு, வாயில வெச்சா ரொம்பக் கொதிச்ச டிகாக்‌ஷன் மாதிரி துவர்ப்பு, பல்லெல்லாம் உப்புத்தாள் தேச்ச மாதிரி ஆயிடுச்சு, எவ்வளவு சக்கரை போட்டும் அடங்கல. விதையிலயும் கொத்தோட தண்டுலயும் துவர்ப்பு குடுக்கிற டானின் நெறைய இருக்கு, சுமாக் இலையையும் பட்டையையும் தோல் பதனிடவே உபயோகப்படுத்தியிருக்காங்கன்னா பாத்துக்கோங்க. சூடு பட்டா அந்த டானின் எல்லாம் இறங்கிடும். புளிப்பு மேல இருக்கு, துவர்ப்பு உள்ள இருக்கு, பச்சைத்தண்ணி மேல இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு உள்ள இருக்கிறதை பெரும்பாலும் விட்டுடும். இதை விடச் சுலபமா ஒரு பழம் எங்க கிடைக்கும்?

மழையும் அதே கணக்குதான். ரெண்டாவது வருஷம் நல்ல மழை பெஞ்சு விட்ட மறுநாள் போய் பை நெறைய ஒடிச்சுட்டு வந்தேன், ராத்திரி பூரா ஊற வெச்சா காலைல இளஞ்சிவப்பா நிறம் இருக்கு, ருசியே இல்ல. மழைல புளிப்பு கரைஞ்சு போயிருக்கு. பழம் நல்லா சிவந்ததும் நாலஞ்சு நாள் தொடர்ந்து வெயில் அடிச்ச பிறகு போங்க, ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு கொத்தைத் தொட்டு விரலை நக்கிப் பாருங்க, புளிச்சா ஒடிங்க, புளிக்கலைன்னா விட்டுட்டுப் போங்க, திரும்ப வெயில் காய்ஞ்சா ஓரளவு புளிப்பு ஏறினதையும் நான் பாத்திருக்கேன், ஆனா அதை நம்பிப் போக வேண்டாம். அதே காரணத்துக்காகத்தான் வீட்டுக்கு வந்து குழாயடில கழுவவும் கூடாது. கழுவினா ஜூஸைத்தான் சாக்கடைல ஊத்துறீங்க.

கழுவ முடியாதுங்கிறதாலதான் எங்க பறிக்கிறோம்கிறது ரொம்ப முக்கியம். ரோட்டை ஒட்டி நிக்கிற செடி வேண்டாம், வண்டிப் புகையும் தூசியும் அந்த மயிர்லதான் ஒட்டும். ரயில் பாதை ஓரமும் வேண்டாம், களைக்கொல்லி அடிப்பாங்க. பூங்காவா இருந்தா விதி என்னன்னு பாத்துட்டுப் போங்க, அமெரிக்க தேசியப் பூங்காக்கள்ல பொதுவா செடி எதையும் எடுக்கக்கூடாது, சொந்த உபயோகத்துக்கு எந்தப் பழத்தைக் கையால பறிக்கலாம், எவ்வளவு பறிக்கலாம்னு அந்தந்தப் பூங்காவோட சூப்பரிண்டெண்டெண்ட் அனுமதிச்சிருந்தா மட்டும்தான் பறிக்கலாம். எனக்குத் தெரிஞ்சு நல்ல வழி, வயல் வெச்சிருக்கிறவங்ககிட்ட கேக்கிறது. வரப்போரமா வளர்ற சுமாக்கை அவங்க தொல்லையாத்தான் நெனைக்கிறாங்க, கேட்டா சந்தோஷமா விடுவாங்க.

செய்முறை ரெண்டு வரிதான். ஒவ்வொரு கொத்தையும் நடுவுல பிளந்து பாருங்க, உள்ள புழுவும் அதோட எச்சமும் கருப்பா தூள் மாதிரி இருந்தா தூக்கிப் போடுங்க, சீசன் கடைசில போனா இது ரொம்ப இருக்கும். நல்ல கொத்து ஆறு ஏழு எடுத்து, நடுத் தண்டை நீக்கிட்டு, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துல ரெண்டு லிட்டர் பச்சைத்தண்ணில போட்டு, கையை விட்டு ரெண்டு நிமிஷம் நல்லாப் பிசைஞ்சு, மூடி ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிச்சு எடுக்கும்.

வடிகட்டுறதுல மட்டும் அவசரப்படாதீங்க. டீ வடிகட்டி பத்தாது. அந்தக் குட்டி மயிர் எல்லாம் தண்ணில மிதக்கும், அப்படியே குடிச்சா தொண்டைல சுனை மாதிரி அரிக்கும், இருமல் வரும். பழைய வேட்டித்துணியை நாலா மடிச்சு ஒரு தடவை, அப்புறம் காஃபி ஃபில்டர் பேப்பர்ல ஒரு தடவை, சொட்டு சொட்டா இறங்கும், அரை மணி நேரம் ஆகும், இறங்கட்டும். கிளாஸ்ல ஊத்தி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா மாதுளைச் சாறை நெறைய தண்ணி விட்ட மாதிரி ஒரு ரோஜா நிறம், கலங்கல் இல்லாம தெளிவா. புளிப்பு பத்தலைன்னு தோணினா சக்கரை போடறதுக்கு முன்னாடி அதே தண்ணில புதுசா இன்னும் நாலு கொத்து போட்டு ஊற வைங்க, திரும்ப வடிங்க, அப்படி ரெண்டு மூணு தடவை பண்ணினா எலுமிச்சைக்குப் பதிலா சமையல்லயே சேக்கிற அளவுக்குப் புளிப்பு ஏறிடும். அதை ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வெச்சுக்கலாம். இனிப்புக்கு இந்தப் பக்கத்து மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச் சாறைக் காய்ச்சின பாகு) இதுக்குன்னே செஞ்ச மாதிரி சேரும், தேன் போட்டா தேன் வாசம் மேல வந்து சுமாக் அடங்கிடுது, அதனால தேன் நான் போடறதில்ல. சக்கரையே போடாம ஐஸ் மட்டும் போட்டுக் குடிக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது.

எல்லாத்தையும் ஒடிச்சுட்டு வராதீங்க, அந்தக் கொத்து குளிர்காலம் பூரா செடிலயே நிக்கும், பனி மூடி வேற எதுவும் கிடைக்காத பிப்ரவரி மார்ச்ல பறவைங்க அதைத்தான் தேடி வரும். ஒரு கூட்டத்துக்கு நாலஞ்சு கொத்துக்கு மேல நான் எடுக்கிறதில்ல. எடுத்ததுல மிச்சம் இருந்தா காகிதப் பைல போட்டு காத்தாட ஒரு வாரம் காய வெச்சு எடுத்து வைக்கலாம், பிளாஸ்டிக் பை வேண்டாம், பூசணம் பிடிக்கும். காய்ஞ்சது புதுசு அளவுக்கு சுள்ளுனு இருக்காது, கொத்து ஒண்ணரை மடங்கு போடணும், ஆனா ஜனவரில வெளில பனி கொட்டிட்டு இருக்கும்போது ஜாடில அந்த ரோஜா நிறம் மெதுவா இறங்குறதைப் பாக்கிறதுக்காகவே ஒவ்வொரு வருஷமும் ஒரு பை எடுத்து வெச்சிடுவேன்.